பேம்பர்ஸ் இல்லாமதான் வரணுமாம்: பாலர் பள்ளி போற பிள்ளைங்களும் கக்கூஸும்

28 நவம்பர் 2025

பட்டர்வொர்த்துலேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, அப்படியே போடுறேன்:

"அக்கா, என் மகனுக்கு வர்ற ஆகஸ்டுலதான் நாலு வயசு. ஜனவரில பாலர் பள்ளி சேக்குறோம். ஃபாரத்துல கடைசில ஒரு வரி, பேம்பர்ஸ் போட்ட பிள்ளைங்கள எடுக்க மாட்டோம்னு. இவன் ஒன்னுக்கு கக்கூஸ்ல போயிடுவான், ரெண்டுக்கு மட்டும் பேம்பர்ஸ் மாட்டிவிடச் சொல்லி அழுவான். ஒரு மாசத்துல பழக்க முடியுமா? இல்ல பழகிட்டான்னு எழுதிக்குடுத்து சேத்துடலாமா?"

பொய் எழுதாதீங்கம்மா. பாவ புண்ணியத்துக்காக சொல்லல, முதல் நாள் பத்து மணிக்கு ஒரு கப்பு மைலோ உள்ள போச்சுன்னா உங்க பொய் தானா வெளிய வந்துரும்.

நான் பினாங்குல பாயான் பாரு பக்கம் ஒரு தஸ்காவுல, அதான் சின்னப் பிள்ளைங்கள பாத்துக்குற காப்பகத்துல, கொஞ்ச வருசம் வேலை பாத்தவ, இப்ப என் சின்னவனும் ஜனவரில போறான், அதனால ரெண்டு பக்கத்து நியாயமும் தெரியும். அந்த ஒத்த வரிய பாத்து மிரள வேணாம், போன் போட்டு கேளுங்க. ஒன்னுக்கு வந்தா டீச்சர்கிட்ட சொன்னா போதுமா, இல்ல சிலுவாரயும் (கால்சட்டை) தானே கழட்டி மாட்டணுமா? ரெண்டுக்கு போனா யாரு கழுவி விடுவா? அரை நாளா முழு நாளா, மத்தியானம் தூங்க வைப்பீங்களா, தூக்கத்துல போனா என்ன செய்வீங்க? ஒரு எடத்துல "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம், நாள் முழுக்க பேம்பர்ஸ்லயே ஒக்காந்திருக்கக் கூடாது அவ்வளவுதான்"னு சொல்லுவாங்க, இன்னொரு எடத்துல பிள்ளை தானே கழுவணும்னு சொல்லுவாங்க. ஃபாரத்துல ரெண்டு பேரும் ஒரே வரிதான் எழுதியிருப்பாங்க.

28 நவம்பர், ராத்திரி

மேல எழுதினதுல ஒரு முக்கியமானத விட்டுட்டேன். நம்ம மலேசியாவுல பிறந்த வருசத்த வச்சுதான் வகுப்பு பிரிக்கிறாங்க. 2022ல பிறந்த எல்லாரும் 2026ல "நாலு வயசு கிளாஸ்". ஜனவரில பிறந்தது நெசமாவே நாலு, டிசம்பர்ல பிறந்தது மூணு முடிஞ்சு ஒரு மாசம்தான் ஆகுது, ரெண்டும் பக்கத்து பக்கத்து நாற்காலில உக்காருது. இந்த வயசுல பதினோரு மாசம்னா சும்மாவா? உங்க ஆகஸ்ட் மகன் கிளாஸ்ல பாதிப் பேர விட சின்னவன். பெரிய பிள்ளைய பாத்து ஒப்பிட்டு அவன வையாதீங்க.

சட்டத்துலயும் இந்த இடம் கொஞ்சம் குழப்பம்தான். நாலு வயசுக்கு கீழ இருக்கிறதெல்லாம் தஸ்கா, அது 1984 சட்டம், வெல்ஃபேர் டிபார்ட்மெண்ட் பாக்குது. நாலுலேருந்து ஆறு வரைக்கும் பாலர் பள்ளி, அது 1996 கல்விச் சட்டம், கல்வி அமைச்சு பாக்குது. தஸ்காவுல ஒன்னுலேருந்து மூணு வயசுக்கு அஞ்சு பிள்ளைக்கு ஒரு ஆளு, மூணுலேருந்து நாலுக்கு பத்து பிள்ளைக்கு ஒரு ஆளு. அந்தப் பக்கம் தாண்டினா அரசாங்க பிரசெக்கோலாவுல, அதான் அரசாங்க பாலர் பள்ளில, ஒரு வகுப்புக்கு 25 பிள்ளை வரைக்கும், ஒரு டீச்சர், ஒரு பெம்பாந்து (உதவியாளர்). டிசம்பர்ல மடியில ஒக்கார வச்சு கழுவிவிட்ட பிள்ளை ஜனவரில 25ல ஒன்னு. பிள்ளை அதேதான், சுத்தி இருக்குற கைங்கதான் கொறைஞ்சு போச்சு.

30 நவம்பர் 2025

ரெண்டுக்கு விசயத்துக்கு வர்றேன். நெறைய பேரு தனியா கேட்டுட்டாங்க, ஆக இது அந்த தங்கச்சி வீட்டு கதை மட்டும் இல்ல.

ஒன்னுக்கு ஒழுங்கா போயிட்டு ரெண்டுக்கு மட்டும் பேம்பர்ஸ் கேக்குற பிள்ளை அடம் பிடிக்கல. முக்கால்வாசி ஒரு தடவை கட்டியா போயி வலிச்சிருக்கும். வலிக்கும்னு அடக்குது, அடக்கினா உள்ளயே தண்ணி வத்தி இன்னும் கல்லாகுது, அடுத்த தடவை இன்னும் வலி, இன்னும் அடக்குது. ரொம்ப நாள் இப்படி போச்சுன்னா கட்டிக்குப் பக்கத்துல தண்ணியா கசிஞ்சு ஜட்டில கறை படும், அத பாத்து நாம "வேணும்னே ஜட்டில போறான்"னு நாலு சாத்து சாத்துவோம். அவனுக்கு போறதே தெரியாது அப்ப. சோஃபா பின்னாடி போயி முட்டிய ஒட்டி நுனிக்கால்ல நின்னுகிட்டு மூஞ்சி செவக்குதுன்னா முக்கறான்னு நெனைப்போம், பாதி நேரம் அது அடக்குறது.

அதனால மொதல்ல மலம் இளகணும், கக்கூஸ் அப்புறம். பால் புட்டிய பாருங்க, மூணு வயசுலயும் காலைல ஒன்னு சாயந்தரம் ஒன்னு ராத்திரி ரெண்டுன்னு குடிக்கிற பிள்ளைக்கு சோறு எறங்காது, காய் எறங்காது, வயிறு கட்டிக்கும். பாலைக் கொறைங்க, பப்பாளி குடுங்க, தண்ணி குடுங்க. அதுலயும் ஆகலைன்னா கிளினிக்குக்கு கூட்டிட்டு போங்க, லாக்டுலோஸ்னு இனிப்பா ஒரு மருந்து எழுதித் தருவாங்க, அத ரெண்டு நாள்ல நிறுத்தாம அவங்க சொல்ற வரைக்கும் குடுங்க. வலி மறந்து போகணும் பிள்ளைக்கு, அதுக்கு நாளாகும்.

இளகினதுக்கப்புறம் பேம்பர்ஸ வெடுக்குனு புடுங்காதீங்க. பேம்பர்ஸ் போட்டுக்கோ, ஆனா பாத்ரூம்லதான் போகணும். அது பழகினதும், பேம்பர்ஸோடயே கக்கூஸ் மேல ஒக்காரு. அப்புறம் லூசா கட்டிவிடுங்க, அப்புறம் கழட்டி கீழ விரிச்சு வைங்க, அப்புறம் ஒன்னும் இல்ல. பெரியவளுக்கு நான் இப்படித்தான் செஞ்சேன், எங்க வீட்டுக்காரரு "இது என்ன சர்க்கஸ்"னு சிரிச்சாரு, சிரிச்சவருதான் கடைசில வாசல்ல நின்னு கை தட்டினாரு.

நேரம் முக்கியம். சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல குடல் தானா வேலை செய்யும், அதனால பசியாறின ஒடனே ஒரு அஞ்சு நிமிசம் ஒக்கார வைங்க, வந்தா வரட்டும் வராட்டி போகட்டும், எந்திரிச்சுடலாம். காலு தொங்கிகிட்டு இருந்தா முக்கவே முடியாது, கீழ ஒரு சின்ன படி வைங்க, முட்டி இடுப்ப விட மேல இருக்கணும். ஒரு மாசத்துல முடியுமான்னா, சில பிள்ளைக்கு முடியும். உங்க தேதிய அதுகிட்ட சொல்லாதீங்க.

2 டிசம்பர் 2025

ஈப்போவுல இருக்குற என் மாமியாருக்கு இதெல்லாம் படிச்சுக் காட்டினேன். "ஒரு வயசுல எல்லாம் பழகிடும், நீங்க காசக் குடுத்து குப்பைய வாங்கி மாட்டிவிட்டுட்டு இப்ப ஊரக் கூட்டி பஞ்சாயத்து வைக்கிறீங்க"ன்னாங்க. ஒரு பேக்கு முப்பது நாப்பது வெள்ளி, தப்பா சொல்லல.

அவங்க எஸ்டேட்ல பிறந்து வளந்தவங்க. அம்மா விடியுறதுக்கு முன்ன பால்வெட்டுக்குப் (ரப்பர் மரம் சீவ) போகணும், பிள்ளைங்கள ஆயாக்கொட்டாய்ல விட்டுட்டுதான் போவாங்க. அங்க ஆயா காலை நீட்டி ஒக்காந்து, ரெண்டு பாதத்துக்கு நடுவுல பிள்ளைய வச்சு, உஸ்ஸ்ஸ்னு சத்தம் குடுப்பாங்களாம். பிள்ளை போயிடும். தரை சிமிண்டு, ஒரு வாளி தண்ணிய ஊத்தினா ஆச்சு. சிந்தினாலும் யாரும் பதறல, சோஃபாவா கெட்டுப்போச்சு?

நான் என்ன சொல்றேன்னா அது வேலை செஞ்சுது, ஏன்னா நாள் பூரா மூஞ்சிய பாத்துகிட்டு ஒரு ஆளு இருந்தாங்க. பிள்ளை சொல்லல, ஆயா கண்டுபிடிச்சாங்க. பாலர் பள்ளி கேக்குறது அது இல்ல, வெளையாட்ட நிறுத்திட்டு, தெரியாத ஆள்கிட்ட வந்து, வாய் திறந்து கேக்கணும். ரெண்டும் வேற வேற படிப்பு.

அமெரிக்காவுல பிரேசில்டன்னு ஒரு குழந்தை டாக்டர் 1962ல 1,170 பிள்ளைங்க கணக்க வச்சு எழுதினாரு, பிள்ளை தயாரானதுக்கப்புறம் ஆரம்பிங்க, அவசரப்படுத்தாதீங்கன்னு. அந்தப் பிள்ளைங்க பகல்ல பழகி முடிச்ச சராசரி வயசு ரெண்டரைக்கும் கொஞ்சம் கம்மி. அங்க பேம்பர்ஸ் விற்பனைக்கு வந்ததே 1961லதான், ஆக அந்தப் பிள்ளைங்க துணி கட்டின பிள்ளைங்க. இப்ப மூணரைலயும் மாட்டிகிட்டு திரியுதுங்க, ஈரமே தெரியாத மாதிரி செஞ்சு வச்சிருக்கான், அப்புறம் எதுக்கு கழட்டணும்னு பிள்ளை யோசிக்காதா? மாமியார் பாயிண்ட்ல பாதி சரி. பாதிதான், அத அவங்ககிட்ட சொல்லல.

6 டிசம்பர் 2025

இன்னைக்கு சின்னவனோட பாலர் பள்ளி கக்கூஸ போயி பாத்துட்டு வந்தேன். ஃபீஸ், புக்கு, யூனிஃபார்ம், காடி எங்க நிறுத்துறதுன்னு எல்லாம் கேக்குறோம், கக்கூஸ பாக்கணும்னு கேட்டா டீச்சரே ஒரு மாதிரி பாக்குறாங்க. கேளுங்க, வெக்கப்படாதீங்க.

டெரஸ் வீட்ட பாலர் பள்ளியா மாத்தினது. ஒன்னு ஒக்கார்ற கக்கூஸ், ஆனா அது ஆபீஸ் பக்கம், பெரியவங்களுக்கு. பிள்ளைங்களுக்குப் பின்பக்கம் ரெண்டு, ரெண்டும் குந்துறது. நம்ம பிள்ளைங்க ஃபிளாட்ல காண்டோல பூனை படம் போட்ட சீட்டுல ராஜா மாதிரி ஒக்காந்து பழகினதுங்க. குந்துற கக்கூஸ் குழிய பாத்தா உள்ள விழுந்துருவோம்னு பயம். வாசல்ல கழட்டிப்போட்ட செலிப்பர் இருந்துச்சு பாருங்க, நீல ரப்பர், பெரியவங்க சைசு, ரெண்டும் வலது கால். அதுல மூணு வயசு பாதத்த விட்டுகிட்டு ஈர மொசைக்ல நடக்கணும். என் மகன் அந்த செலிப்பர்கிட்டயே நின்னுட்டான், உள்ள எட்டிக்கூட பாக்கல. டீச்சர்கிட்ட சொன்னேன், சின்ன செலிப்பர் நான் வாங்கித் தர்றேன்னு, சிரிச்சுட்டு சரின்னாங்க.

அதனால வீட்டுல குந்த வச்சு பழக்குங்க. குந்துற கக்கூஸ் இல்லாட்டி பரவால்ல, பாத்ரூம் தரையிலயே குளிக்கிறதுக்கு முன்ன குந்த சொல்லுங்க, காலு அகலமா, குதிகால் தரையில, சிலுவார் முட்டிக்கு கீழ. பாதிப் பிள்ளைங்க நனைஞ்சிரும்னு பயந்து சிலுவாரையே முழுசா கழட்டி வீசிரும், அப்புறம் காலு எது கை எதுன்னு தெரியாம வெளிய நிக்கும். ஆரம்பத்துல அதுவும் ஓகேதான். ஆனா பட்டன், ஜிப்பு, பெல்ட்டு, தோள்பட்டை வச்ச ஜீன்ஸ் இதெல்லாம் வேணவே வேணாம், எலாஸ்டிக் மட்டும். பொம்பளப்பிள்ளைங்க பினோஃபோர் போட்டா பின்பக்கத்த தூக்கி முன்னாடி கையில சுருட்டிப் பிடிக்க சொல்லிக்குடுங்க, இல்லாட்டி ஓரம் எல்லாம் நனைஞ்சுதான் வீட்டுக்கு வரும். ஆம்பளப்பிள்ளைங்கள மொதல்ல ஒக்காந்தே போக பழக்குங்க, நின்னுகிட்டு போறதெல்லாம் அப்புறம், குறி பாக்குறதுக்கு அவசரம் இல்ல.

7 டிசம்பர்

பைப்பு பத்தி கேட்டாங்க. அந்த கைல பிடிக்கிற ஸ்ப்ரே, பெரியவங்களுக்கே தீயணைப்பு வண்டி மாதிரி அடிக்குது. பிள்ளை கைல குடுத்தா சுவரு, கூரை, டீச்சர், எல்லாம் கழுவிட்டு கடைசில அத மட்டும் கழுவாம வரும். காயோங்ல (கைப்பிடி வச்ச குவளை) தண்ணி மொண்டு, இடது கையால கழுவுறத குளிக்கிறப்ப பழக்குங்க. சுத்தமா வராது, அஞ்சு ஆறு வயசு வரைக்கும் பெரியவங்க ஒரு தடவை பாக்கத்தான் வேணும்.

15 டிசம்பர் 2025

ஒருத்தர் கொஞ்சம் காரமா எழுதியிருந்தாரு, "மாசம் ஐநூறு வெள்ளி கட்டுறோம், கழுவிவிடக்கூட மாட்டாங்களா"ன்னு.

சரி, டீச்சர் பக்கத்துலேருந்து பாருங்க. ஒரு பிள்ளைக்கு கழுவி, மாத்தி, தரைய தொடைச்சு வர எவ்வளவு நேரமாகும்? அந்த நேரம் மீதி பிள்ளைங்கள யாரு பாப்பா? பேம்பர்ஸ் மாத்துறதுக்குன்னு மேசை, மூடி போட்ட குப்பை டோங், கையுறை எல்லாம் தஸ்காவுல இருக்கும், பாலர் பள்ளில இருக்காது. கை கால் வாய் நோய் வேற. அந்த வைரஸ் புண்ணு ஆறினதுக்கப்புறமும் பல வாரம் மலத்துல வந்துகிட்டே இருக்கும், பிள்ளை நல்லா ஓடி வெளையாடும். ஜெல்லு தேய்ச்சா அதுக்கு சரிவராது, சவுக்காரம் போட்டு தண்ணில கழுவணும். நான் தஸ்காவுல இருந்தப்ப ஒரு ரூம்ல வந்துச்சு, வரிசையா எல்லாருக்கும் வந்து முடிஞ்சுதான் நின்னுச்சு. தொடுற விசயமும் இருக்கு. பிள்ளைங்க மேல பாலியல் குற்றத்துக்கு 2017ல தனிச் சட்டம் வந்துச்சு, வர வேண்டியதுதான். யாரு உள்ள கூட்டிட்டு போவா, கதவு திறந்திருக்குமா, ரெண்டு பெரியவங்க பாக்குற மாதிரி இருக்குமான்னு நாம கேக்கணும், அவங்களும் முகம் சுளிக்காம பதில் சொல்லணும்.

15 டிசம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

ரொம்ப டீச்சர் கட்சியா எழுதிட்டேனோன்னு இருக்கு. இன்னொரு பக்கம் சொல்லிடுறேன். நாலு வயசு முழுசா முடிஞ்ச, உடம்புல ஒன்னும் இல்லாத பிள்ளைக்கு இந்த கண்டிசன் நியாயம். மூணு வயசு பிள்ளைய காசுக்காக எடுத்துகிட்டு, ஒரு தடவை ஜட்டி நனைஞ்சதும் அம்மாவ வேலை எடத்துலேருந்து வரச் சொல்றது நியாயமே இல்ல. ஆட்டிசம் இருக்குற பிள்ளை, பேச்சு லேட்டா வர்ற பிள்ளை, இதுங்களுக்கு ரெண்டு வருசம் கூட எடுக்கலாம், அதுக்காக வாசல்லயே திருப்பி அனுப்புறதா? அந்த மாதிரி ஒரு அம்மா எனக்கு எழுதினாங்க, மூணு எடத்துல வேணாம்னுட்டாங்களாம், ஃபாரத்துல அந்த வரியைக் காட்டிதான். அத படிச்சதுலேருந்து அந்த வரிய முன்ன மாதிரி பாக்க முடியல.

ஐநூறு வெள்ளி அண்ணே, உங்க கோவத்துல பாதி உங்களுக்கே திருப்பித் தர்றேன்.

12 ஜனவரி 2026

ஸ்கூல் திறந்தாச்சு. சின்னவன் அழல, நான்தான் காடில ஒக்காந்து அழுதேன். போனான், வந்தான், ஜட்டி காஞ்சு இருக்கு. சந்தோசப்படாதீங்க, அடுத்தத படிங்க.

20 ஜனவரி 2026

ஜட்டி காஞ்சு இருக்கு, ஏன்னா கக்கூஸுக்கே போகல. தண்ணி பாட்டில் காலைல நான் ஊத்தினது அப்படியே திரும்பி வருது. குடிச்சா வரும், வந்தா கேக்கணும், கேக்கப் பிடிக்கல, ஆக குடிக்கிறதே இல்ல. மூணு வயசுல என்ன கணக்கு பாருங்க. வீட்டுக்கு வந்ததும் பை கழட்டாம நேரா பாத்ரூம் ஓடுறான், மஞ்சளா போகுது.

இது சாதாரணமா நெறைய பிள்ளைங்க செய்றதுதான், ஆனா விடக் கூடாது. தண்ணி குடிக்காம மூத்திரத்த அடக்கிகிட்டே இருந்தா மலச்சிக்கலும் வரும், மூத்திரத்துல கிருமியும் வரும். எரியுதுன்னு சொன்னாலோ, காய்ச்சல் வந்தாலோ, பழகின பிள்ளை திடீர்னு நனைக்க ஆரம்பிச்சாலோ மூத்திரத்த டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

டீச்சர்கிட்ட பேசினேன். ஒரே ஒரு விசயம் மாத்துனாங்க. "யாருக்கு ஒன்னுக்கு வருது"ன்னு கேக்குறத விட்டுட்டு, ரொட்டி சாப்பிட்டதும் எல்லாரையும் ஒன்னு பின்னாடி ஒன்னு ரயிலு மாதிரி கூட்டிட்டு போறாங்க. கேக்க வேண்டியதே இல்ல. முன்னாடி நிக்குறவன் சட்டைய பிடிச்சுகிட்டு இவனும் போயிட்டு வர்றான். வீட்டுலயும் "வருதா வருதா"ன்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவான், நம்ம கண்ணு முன்னாடி கால பின்னிகிட்டு நின்னாலும் இல்லைதான். கேக்காதீங்க, வா போலாம்னு கூட்டிட்டு போங்க.

செலிப்பரு? நான் வாங்கிக்குடுத்த நாலு ஜோடில ஒன்னு ஏற்கனவே காணோம்.

3 பிப்ரவரி 2026

தைப்பூசம் முடிஞ்சு இப்பதான் காலு வலி விட்டுச்சு. அதுக்கு முன்னாடியே மூணு பேரு கேட்டாங்க, இப்பதான் பழகினான், கூட்டத்துல என்ன செய்ய, திரும்ப பேம்பர்ஸ் மாட்டலாமான்னு.

நான் மாட்டல, ஆனா மாட்டினா ஒன்னும் குடி முழுகாது. ரதம் பின்னாடி நடக்குறப்ப வழி பூரா தண்ணிப்பந்தல், ஒவ்வொரு பந்தல்லயும் யாராச்சும் ஒரு அண்ணன் பிள்ளை கைல செகப்பு சிராப்ப (இனிப்புத் தண்ணி) திணிச்சிருவாரு, வேணாம்னா முருகனே கோவிச்சுக்குற மாதிரி பாப்பாரு. ரெண்டு கப்பு சிராப்புக்கு அப்புறம் மொபைல் கக்கூஸ் வாசல்ல நீட்டு வரிசை. நாங்க தண்ணிமலை முருகன் கோயில் படி ஏறுறதுக்கு முன்னாடியே போயிட்டுதான் ஏறுனோம், 513 படி, நடுவுல "அம்மா வருது"ன்னா மேலயும் போக முடியாது கீழயும் போக முடியாது. ஜாலான் உத்தாமா பக்கம் ஒரு சொந்தக்காரவங்க வீடு இருக்கு, வருசா வருசம் சாமி கும்பிட போறோமா அவங்க கக்கூஸுக்கு போறோமான்னு அவங்களுக்கே சந்தேகம்.

ராத்திரி தூக்கத்துல நனைக்கிறது தனி விசயம், அத இதோட சேக்காதீங்க. அஞ்சு வயசுலயும் 100ல 15 பிள்ளை படுக்கைய நனைக்குது, அப்பாவோ அம்மாவோ சின்ன வயசுல நனைச்சவங்களா இருந்தா இன்னும் ஜாஸ்தி. பாலர் பள்ளி அத கேக்கவே கூடாது. உங்க வீட்டுக்காரரோட அம்மாகிட்ட மெதுவா விசாரிங்க, சுவாரசியமா இருக்கும்.

ஷாப்பிங் மாலு பத்தி ஒரு வரி. சில கக்கூஸ்ல பிள்ளை ஒக்காந்திருக்கும்போதே தானா ஃப்ளஷ் ஆகும், அந்த சத்தத்துல அலறி எந்திரிச்சு, அப்புறம் வாரக்கணக்குல எந்த கக்கூஸுக்கும் வராது. ஒரு ஒட்டுற தாள பைல வச்சுக்கோங்க, பின்னாடி இருக்குற சின்ன கறுப்பு கண்ணு மேல ஒட்டிருங்க, முடிஞ்சதும் எடுத்துருங்க.

24 பிப்ரவரி 2026

பட்டர்வொர்த் தங்கச்சி எழுதியிருக்காங்க. பாலர் பள்ளில உண்மைய சொல்லிட்டாங்களாம், ரெண்டுக்கு மட்டும் இன்னும் பழகலைன்னு. அந்த டீச்சர் "அவன் வீட்டுக்கு வந்துதான போறான், இங்க அரை நாள்தான, அப்ப எங்களுக்கு என்ன பிரச்சினை"ன்னு கேட்டாங்களாம். இத்தன நாளா ராத்திரி தூங்காம கெடந்தது இதுக்குத்தானான்னு அவங்களுக்கு கோவம். பையன் இப்ப பேம்பர்ஸோட கக்கூஸ் மேல ஒக்கார்ற வரைக்கும் வந்துட்டானாம். ரொம்ப நல்ல எடம் அது, அங்கேருந்து அவசரப்படுத்தாதீங்க.

மாத்து துணிப் பைல என்ன வைக்கணும்னு கேட்டவங்களுக்கு: ஜட்டி மூணு, சிலுவார் ரெண்டு, ஒரு சட்டை, காலுறை, ஈரத்துணி போட ரெண்டு பிளாஸ்டிக் பை, எல்லாத்துலயும் பேரு. சட்டை எதுக்குன்னு கேக்காதீங்க, போயிட்டு வரட்டும் தெரியும்.

அந்த சின்னப் படி என்கிட்ட ரெண்டு இருக்கு, ஒன்னு பெரியவளோடது, இப்ப தேவை இல்ல. பூனை படம் போட்ட சீட்டும் இருக்கு, ஒரு காதுல கொஞ்சம் விரிசல், மத்தபடி நல்லாத்தான் இருக்கு. பாயான் பாரு பக்கம் வர்றவங்க சனிக்கிழமை காலைல வந்து எடுத்துக்கோங்க, காசெல்லாம் வேணாம். கழுவி வெயில்ல வச்சுட்டேன்.